காற்று போகும் வழி

மரத்தூளை அழுத்திச் செய்யும் பெல்லட் எரிபொருள் மூட்டையின் மேல் ‘சாம்பல் ஒரு சதவீதத்துக்குள்’ என்று அச்சிட்டிருப்பார்கள். நூறு கிலோ எரித்தால் ஒரு கிலோ சாம்பல்கூடத் தேறாது என்றால், துப்புரவைப் பற்றி என்ன கவலை என்றுதான் முதல் குளிர்காலத்தில் எவருக்கும் தோன்றும். அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ ஹாம்ப்ஷயரில், பெல்லட் கணப்பு பொருத்தியிருந்த பழைய வீடொன்றுக்குக் குடிபோன எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. அங்கே மூட்டை ஒன்று 40 பவுண்டு, ஏறத்தாழ 18 கிலோ. ஐம்பது மூட்டை சேர்ந்தது ஒரு டன். குளிர் கடுமையான வருஷத்தில் மூன்று டன் எரிக்கும் வீடுகள் உண்டு. அதில் ஒரு சதவீதம் என்றாலும் 27 கிலோ சாம்பல். அதுவும் விறகடுப்பில் அள்ளும் சொரசொரப்பான சாம்பல் இல்லை. முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி மெல்லிசு. பாதி தட்டில் விழும். மீதி காற்றோடு கிளம்பி, விரல் நுழையாத சந்திலெல்லாம் போய்ப் படியும்.

பெல்லட் கணப்பின் பராமரிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தினம் இதைச் செய், வாரம் அதைச் செய் என்று அட்டவணை தருவார்கள். அட்டவணை தப்பில்லை. ஆனால் ஏன் என்று தெரியாமல் அட்டவணையைப் பிடித்துக்கொள்கிறவர் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் அடைத்திருப்பதை விட்டுவிடுவார். இந்தக் கருவியில் நெருப்பு தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். காற்று போகும் வழி அடைபடுகிறது. அதனால் நெருப்பு கெடுகிறது. அதனால் ஆபத்து வருகிறது. துப்புரவு பற்றிய வாதங்கள் எல்லாவற்றையும் இந்த ஒரு வரிசையில் வைத்துப் பார்த்தால் எது முக்கியம், எது சும்மா என்பது விளங்கும்.

இந்தக் கணப்பு 1970களின் எண்ணெய் நெருக்கடி பெற்ற பிள்ளை. மரத்தூளை அழுத்திக் குச்சிக்குச்சியாக்கி எரிபொருளாக விற்கும் தொழில் அப்போதுதான் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தில், போயிங்கில் வேலை பார்த்த ஜெர்ரி விட்ஃபீல்ட் என்ற பொறியாளர் அதை வீட்டுக்குள் எரிக்கும் கணப்பை வடிவமைத்தார். இன்று ஐரோப்பாவில் இத்தாலிக்காரர்கள்தான் இதை வீடுகளில் மிக அதிகமாக வைத்திருக்கிறார்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. மேலே பெல்லட் கொட்டும் தொட்டி. அதன் அடியில் ஒரு திருகு. மோட்டார் சுற்றச்சுற்ற அது பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் தள்ளும். கையளவுள்ள அந்த இரும்புக் கிண்ணத்தின் அடியிலும் பக்கத்திலும் துளைகள். மின்சாரத்தில் பழுக்கும் சிறு கம்பி ஒன்று பற்றவைக்கும். மின்விசிறிகள் இரண்டு. ஒன்று அறைக்காற்றைச் சூடேற்றி வெளியே தள்ளுவது; இரைச்சலெல்லாம் அதனுடையதுதான். மற்றது புகைக்குழாயை ஒட்டி ஒளிந்திருக்கும் புகைவிசிறி. அது நெருப்பறையிலிருந்து புகையை உறிஞ்சி வெளியே தள்ளும்போது, அந்த உறிஞ்சலில்தான் கிண்ணத்தின் துளைகள் வழியே புதுக்காற்று வந்து நெருப்பை ஊதும். அம்மா ஊதுகுழலால் ஊதியதற்கு இங்கே இந்த விசிறி.

இந்த வழியில் சாம்பல் சேர்ந்தால் முதலில் சொல்வது சுடர்தான். நல்ல சுடர் குட்டையாக, வெளிர் மஞ்சளாக, துள்ளிக்கொண்டு எரியும். காற்று பற்றாதபோது சுடர் நீண்டு, சோம்பலாக ஆடி, செம்மஞ்சளாகி, நுனியில் கறுப்புப் புகை விடும். கண்ணாடியில் வெளிர் சாம்பல் நிறத் தூசு படிவது இயல்பு. கன்னங்கரேலென்று கரி பிடித்தால் கணப்பு மூச்சு முட்டுகிறது. இதைப் பார்க்கப் பழகிய கண் எந்த அட்டவணையையும்விட மேல் என்பது என் கருத்து. எத்தனை நாளுக்கொருமுறை துடைப்பது என்ற கேள்விக்குப் பெல்லட்டைப் பொறுத்து, மாடலைப் பொறுத்து, குளிரைப் பொறுத்து விடை மாறும். சுடர் சொல்வது மாறாது.

தினசரி வேலை எரிகிண்ணத்தில்தான். கணப்பை அணைத்து, முழுக்க ஆறவிட்டு, கிண்ணத்தைச் சுரண்ட வேண்டும். அடியில் கையில் எடுக்கும்படியாகக் கெட்டியான ஒன்று ஒட்டியிருக்கும். கறுப்பும் பச்சையும் கலந்து, ஓரம் கண்ணாடிபோல் மினுங்கி, உடைத்தால் தேன்கூடுபோல் பொத்தல் பொத்தலாக இருக்கும். கொல்லன் உலையில் மிஞ்சும் கிட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். பெயரும் அதுவே பொருந்தும். சாம்பல் உருகி மறுபடி இறுகியதுதான் அது. மரப்பட்டையோடு வரும் மண்ணும் மணலும், மரத்திலேயே இருக்கும் பொட்டாசியமும் சேர்ந்தால் சாம்பல் உருகும் வெப்பநிலை இறங்கிவிடும். கிட்டம் ஒரு துளையை மூடும். மூடிய இடத்தில் காற்று குறையும், பக்கத்துத் துளையில் சூடு கூடும், அங்கே இன்னும் கொஞ்சம் உருகும். காலையில் நெல்லிக்காய் அளவிருந்தது சாயங்காலம் கிண்ணத்தின் பாதியை அடைத்துக்கொள்வது இப்படித்தான். கிண்ணத்தை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு துளையிலும் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். வராத துளையைக் கம்பியால் குத்தித் திறங்கள். பற்றவைக்கும் கம்பி நுழையும் துளையை மறக்கக் கூடாது; பாதிப் பேர் மறப்பது அதைத்தான்.

பெல்லட்டின் தரம் இங்கே நேரடியாகப் பேசுகிறது. ஐரோப்பாவில் ஈஎன்பிளஸ் ஏ1 என்ற முத்திரை பெற, சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சாம்பல் 1,200 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உருக்குலையவும் கூடாது. அடுத்த தரமான ஏ2வில் சாம்பல் 1.2 சதவீதம் வரை போகலாம், உருக்குலையும் எல்லை 1,100 டிகிரி. அமெரிக்காவில் பிரீமியம் தரத்துக்குச் சாம்பல் எல்லை 1 சதவீதம். இந்தச் சின்ன எண்கள்தான் வாரத்துக்கு எத்தனை முறை முழங்காலில் உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி ஐரோப்பாவில் பெல்லட் விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியபோது மலிவான மூட்டையைத் தேடியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மலிவு மூட்டையில் மிச்சமான காசைத் துப்புரவில் கூடுதல் உழைப்பாகக் கொடுக்கத்தான் வேண்டும். உழைப்பையும் கொடுக்காவிட்டால் கணப்பு வேறு விதத்தில் வசூலித்துக்கொள்ளும்.

கிண்ணத்துக்கு அடுத்தபடி கண்ணுக்குத் தெரியாத இடங்கள். நெருப்பறையின் பின்சுவர்த் தகடுகளைக் கழற்றினால் அதன் பின்னே சாம்பல் குன்றாகக் கிடக்கும். சூட்டை அறைக்காற்றுக்கு மாற்றும் குழாய்களின் மேல் ஒரு பூச்சு. அதைச் சுரண்ட மாடலைப் பொறுத்து ஒரு கைப்பிடிக் கம்பி இருக்கும். கீழே பக்கவாட்டில் சிறு மூடிகளுக்குப் பின் சாம்பல் பொறிகள். இவற்றை வாரம் ஒருமுறையாவது திறக்க வேண்டும். ஒரு டன் எரித்து முடிந்ததும் புகைவிசிறியின் இறக்கைகளையும் புகைக்குழாயையும் பார்க்க வேண்டும் என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் அளவு. எனக்கும் அது சரியாகவே இருந்திருக்கிறது. இறக்கையில் சாம்பல் சீரில்லாமல் படிந்தால் விசிறி அதிரும், முனகும், உறிஞ்சல் குறையும். கதவைச் சுற்றிய கயிற்று கேஸ்கெட்டையும் சோதிக்கலாம். கணப்பு ஆறியிருக்கும்போது ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். லேசாக வந்துவிட்டால் அந்த இடத்தில் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது; கிண்ணம் வழியே வர வேண்டிய காற்று சுற்றுவழியில் போகிறது.

இவ்வளவையும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் கணப்பு தானே நின்றுவிடும். நெருப்பறையின் உறிஞ்சலை அளக்கும் வேக்யூம் ஸ்விட்ச் ஒன்று உண்டு. கதவு திறந்திருந்தாலும் குழாய் அடைத்திருந்தாலும் உறிஞ்சல் குறையும்; உடனே அது திருகை நிறுத்திவிடும். திரையில் ஏதோ பிழை எண் மின்னும். இங்கேதான் ஒரு தவறான பழக்கம் ஊர்பூராவும் பரவியிருக்கிறது. ஸ்விட்சின் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி விட்டால் கணப்பு மறுபடி எரியும். ‘ஸ்விட்ச் கெட்டிருந்தது, சரி பண்ணிவிட்டேன்’ என்பார்கள். அந்த ஸ்விட்ச் கெடுவது அரிது. அது சொன்னது உண்மை: வழி அடைத்திருக்கிறது. அந்த நாக்கை அறுத்துவிட்டு எரிக்கும் கணப்பின் புகை போக இடமில்லாமல் அறைக்குள்தான் வரும். தொட்டியும் உடம்பும் அளவுமீறிச் சுட்டால் நிறுத்தும் வெப்ப ஸ்விட்சுக்கும் இதே மரியாதை தேவை. பாதுகாப்பு ஸ்விட்சைச் சோதிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுவது செலவு இல்லை.

இன்னொரு ஆபத்து நின்றுபோன கணப்பை மறுபடி ஏற்றும்போது வருவது. பற்றவைக்காமல் தோற்றுப்போன முயற்சியில் பெல்லட் கிண்ணத்தில் குவிந்திருக்கும். அதை அள்ளாமல் மறுபடி பொத்தானை அழுத்தினால் குவியல் சுடரில்லாமல் கனன்று, நெருப்பறை முழுக்க வெள்ளைப் புகை திரளும். அந்தப் புகை எரியக்கூடிய வாயு. எப்போது ஒரு பொறி பட்டாலும் மொத்தமும் ஒரே நொடியில் பற்றி ‘டொம்’ என்று வெடிக்கும். கண்ணாடி உடைந்திருக்கிறது, குழாய் மூட்டுக் கழன்றிருக்கிறது. வெண்புகை நிறைந்திருப்பதைக் கண்டால் கதவைத் திறக்கக் கூடாது. பிளக்கையும் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் புகையை வெளியே தள்ளும் விசிறி நின்றுவிடும். நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு, கண்ணாடிக்கு நேரே நிற்காமல் விலகி, சன்னலைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு ஆறியதும் கிண்ணத்தைக் காலி செய்யலாம். அள்ளிய பெல்லட்டைத் தொட்டியில் திருப்பிக் கொட்டுவது கூடாது. உள்ளே ஒன்றே ஒன்று கனன்றுகொண்டிருந்தாலும் மேலே இருப்பது ஒரு மூட்டை எரிபொருள்.

சாம்பலை எங்கே போடுவது என்பது இந்த விஷயத்தில் மிக எளிதாகத் தோன்றும் கேள்வி. வீடுகளைக் கொளுத்தியதும் இதுதான். நானே முதல் குளிர்காலத்தில் ‘ஆறிவிட்டது’ என்று நம்பி, மளிகைக் கடைக் காகிதப் பையில் சாம்பலைக் கொட்டி, வீட்டுக்குப் பின்னால் மரத்தளத்தில் வைத்தேன். மறுநாள் காலை பை இல்லை. பை இருந்த இடத்தில் பலகையில் தட்டு அகலத்துக்குக் கரிந்த குழி. ராத்திரி பெய்த பனிதான் அதை அதற்குமேல் போகவிடவில்லை. அந்த வருஷம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். குழியைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி: “ஏன்டா, தண்ணி தெளிச்சியா?” எங்கள் வீட்டில் அடுப்புச் சாம்பலைக் குப்பைமேட்டில் கொட்டுமுன் ஒரு கை தண்ணீர் தெளிப்பது அவளுக்கு மூச்சுவிடுவது மாதிரி. நீறு பூத்த நெருப்பு என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை அவள் கையால் தெரிந்துவைத்திருந்தாள். சாம்பல் வெப்பத்தைக் கடத்தாது. மேலே தொட்டால் குளிர்ந்திருக்க, நடுவே கங்கு பல நாள் உயிரோடிருக்கும். நான்கு நாள் வரை என்று அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்கள் எச்சரிக்கின்றன. இறுக்கமான மூடியுள்ள இரும்பு வாளி. அதை வைக்க வீட்டிலிருந்து பத்தடியாவது தள்ளி, மண்ணிலோ கல்லிலோ ஓரிடம். மரத்தளமும் கராஜும் வேண்டாம். வெளியே வாளியில் தண்ணீர் ஊற்றி நனைப்பது நல்லது. கணப்புக்குள் தண்ணீர் கூடவே கூடாது.

வேக்யூம் க்ளீனர் பற்றி அபிப்பிராயங்கள் பலவாகக் கிடக்கின்றன. வீட்டுக்குப் பயன்படுத்தும் சாதாரண க்ளீனர் வேண்டாம் என்பதில் மட்டும் இரண்டாம் கருத்து இருக்கக் கூடாது. அதன் வடிகட்டிக்கு இந்தச் சாம்பல் மிக மெல்லிசு; பின்பக்கமாக அறை முழுக்கத் தூவிவிடும். அது போகட்டும், ஒரு கங்கு உள்ளே போனால் காகிதப்பையும் தூசியும் சேர்ந்த பெட்டிக்குள் காற்று ஊதி நாமே அதை வளர்க்கிறோம். இதற்கென்றே இரும்புக் கலமும் தீப்பிடிக்காத குழாயும் நுண்வடிகட்டியும் உள்ள சாம்பல் வேக்யூம் விற்கிறார்கள். வாங்கலாம், நல்ல கருவி. ஆனால் ‘சூடான சாம்பலையும் இழுக்கும்’ என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம்; ஆறிய சாம்பலுக்கே அதைப் பயன்படுத்துங்கள், முடிந்ததும் வெளியே கொண்டுபோய் வையுங்கள்.

இலை ஊதும் இயந்திரத்தின் உறிஞ்சும் பக்கத்தை வெளியே புகைக்குழாய் வாயில் பொருத்தி, உள்ளிருக்கும் சாம்பலை ஒரே இழுப்பில் வெளியேற்றும் உத்தி அமெரிக்காவில் பிரபலம். முதல்முறை பார்க்கிறவர் அசந்துபோவார். வாசலில் சாம்பல் மேகம் எழும். வேலை செய்யும் உத்திதான். ஆனால் அதைத் துப்புரவுக்குப் பதிலாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தளர்ந்த தூசியைத்தான் காற்று இழுக்கும். சுட்டு ஒட்டிய கரியைத் தூரிகைதான் எடுக்கும். சில தயாரிப்பாளர்கள் கையேட்டில் இதைத் தடுத்தே இருக்கிறார்கள். கணப்பு பல நாள் அணைந்து கிடக்கும் பருவ முடிவில், தூரிகை போட்ட பிறகு, கடைசி வேலையாகச் செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரர் கார் நிற்கும் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு ஒரு வரி போதும். ஈரக் காகிதத்தைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் கரி போய்விடும். பாத்திரம் துலக்கிய கைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாம்பல் காரம் என்பதால் கையுறையும், நுண்தூசி என்பதால் நல்ல முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். எந்த வேலைக்கும் முன் கணப்பு ஆறியிருக்க வேண்டும், பிளக் வெளியே இருக்க வேண்டும்.

புகைக்குழாய்க்கு வருவோம். பெல்லட் கணப்பின் குழாய் குறுகலானது, பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு அங்குலம். விறகடுப்புப் புகைபோக்கியில் படியும் தார் இதில் குறைவு. ஆனால் குறுக்குவெட்டு சின்னது என்பதால் சாம்பல் அரை அங்குலம் படிந்தாலே பாதி வழி போச்சு. திருப்பங்களிலும் மூடி வைத்த டி இணைப்பிலும்தான் அதிகம் சேரும். வெளிமுனையில் பறவைக் கூடும் குளவிக் கூடும் வரலாம். பனிப்பொழிவில் சுவரோரம் பனி ஏறி முனையையே மூடிவிடும். பனி பெய்த காலையில் வாசலை வழிப்பதற்கு முன் அதைப் போய்ப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். மின்சாரம் போனால் புகைவிசிறி நிற்கும், ஆனால் கிண்ணத்தில் உள்ள பெல்லட் சில நிமிஷம் எரிந்துகொண்டிருக்கும். குழாய் படுக்கையாகவே சுவரைத் துளைத்துப் போயிருந்தால் புகை அறைக்குள் கசியும். சில அடி நிமிர்ந்து ஏறியிருந்தால் சூடான புகை தன் பலத்திலேயே மேலே போகும். அதோடு ஒழுங்காக அணைக்கும் வரை விசிறியை ஓட்ட ஒரு யுபிஎஸ் வைப்பது சரியான செலவு.

இவ்வளவையும் தாண்டி ஒரு நாள் வழி அடைபட்டால் அறைக்குள் வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்பு அதற்கு. தலைவலி, குமட்டல், அசதி என்று சளிக்காய்ச்சல் மாதிரியே தொடங்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், வெளியே போனதும் சரியானால், சந்தேகப்பட வேண்டும். தீவிபத்து சாராத கார்பன் மோனாக்சைடு நஞ்சால் அமெரிக்காவில் ஆண்டுக்கு 400 பேருக்கும் மேல் இறக்கிறார்கள். கார், ஜெனரேட்டர், ஹீட்டர் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் ஒரு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். துப்புரவு எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இதை விட்டுவிடும் உரிமை நமக்கு இல்லை.

பலருக்கும் தெரியாதது, எரியாத பெல்லட்டே இந்த வாயுவை விடும் என்பது. மரத்திலுள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றோடு வினைபுரிவதால் வருவது இது. 2006இல் ஸ்வீடனின் ஹெல்சிங்போரி துறைமுகத்தில் பெல்லட் ஏற்றிவந்த கப்பலில் ஒரு மாலுமி இதனால் இறந்தார். 2010இல் ஜெர்மனியிலும் 2011இல் சுவிட்சர்லாந்திலும் அடுக்ககங்களுக்கான பெல்லட் கிடங்கறைக்குள் நுழைந்தவர்கள் உயிரிழந்தார்கள். அவை டன் கணக்கில் கொட்டிவைத்த மூடிய அறைகள். பைகளில் அடுக்கிய நாற்பது மூட்டையோடு அதை ஒப்பிட முடியாது. இருந்தாலும் மூட்டைகளைக் காற்றோட்டமில்லாத சின்ன அலமாரியறையில் அடைக்காதீர்கள். பெருந்தொட்டி வைத்திருப்பவர்கள், காற்றோட்டம் தராமல் உள்ளே தலையை நீட்டவே கூடாது.

யார் செய்வது என்ற கேள்விக்கு நாடுகள் வெவ்வேறு விடை தருகின்றன. ஜெர்மனியில் வாழும் நம்மவர்களுக்குக் கறுப்பு உடுப்பு போட்ட புகைபோக்கித் துப்புரவாளர் பழக்கமானவர். அவரைப் பார்த்தால் நல்ல சகுனம் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அங்கே சட்டப்படி ஏழாண்டில் இருமுறை அவர் வந்து கணப்பு அமைப்பு முழுவதையும் பார்த்துச் சான்று தர வேண்டும். நார்வேயில் நகராட்சியே ஆளனுப்புகிறது. அமெரிக்காவிலோ ஆண்டுக்கொருமுறை பரிசோதிக்கும்படி தரநிலைகள் பரிந்துரைக்கின்றன. கதவைத் தட்டும் ஆள் கிடையாது. அரசு அங்கே கவனம் செலுத்தியிருப்பது விற்கும் இடத்தில்: 2020 மே முதல் புதிய கணப்பு மணிக்கு 2 கிராமுக்கு மேல் நுண்தூசி விடக் கூடாது என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எல்லை வைத்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் அந்த 2 கிராம் ஆய்வகத்தில், புதிய கருவியில், சுத்தமான கிண்ணத்தில் அளந்தது. மூன்றாம் குளிர்காலத்தில் துளை அடைத்த கிண்ணம் எவ்வளவு விடுகிறது என்று யாரும் வந்து அளப்பதில்லை. ஜெர்மனியைப் போல ஆள் வந்து பார்ப்பதே சரி என்பது என் முடிவு. கிண்ணம், தட்டு, பொறி, கண்ணாடி எல்லாம் வீட்டுக்காரர் வேலை. புகைவிசிறி, கேஸ்கெட், குழாயின் முழு நீளம், ஸ்விட்சுகள் இவற்றை ஆண்டுக்கொருமுறை தேர்ந்தவர் ஒருவர் பார்க்க வேண்டும். அவர் வரும் நாள் இலையுதிர்காலத்தில் இருக்கக் கூடாது. அப்போது எல்லோரும் கூப்பிடுவார்கள், நமக்கு டிசம்பரில்தான் தேதி கிடைக்கும்.

வசந்தத்தில், கணப்பை அணைத்த வாரமே செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோடையின் ஈரம் சாம்பலில் இறங்கினால் அது காரக் குழம்பாகி, தகட்டையும் விசிறி இறக்கையையும் அரிக்கும். தொட்டியில் மிஞ்சிய பெல்லட் ஈரம் குடித்து ஊதி, தூளாகி, திருகின் பற்களில் இறுகிவிடும். ஆகவே மே மாதம் ஒரு வெயில் நாளில் தொட்டியை வழித்து, அடியிலுள்ள தூளைக்கூட விடாமல் எடுத்து, உள்ளறை முழுக்கத் துடைத்து, கிண்ணத்தைத் தனியே வைக்கிறோம். குழாயின் வெளிமுனையில் பறவை நுழையாதபடி ஒரு துணிப்பந்தைத் திணிக்கிறேன். திணித்த கையோடு உள்ளே வந்து, கணப்பின் பொத்தான் மேல் சிவப்பு மையில் எழுதிய சீட்டை ஒட்டிவிடுகிறேன்: ‘குழாயில் துணி இருக்கிறது. எடுத்த பிறகு ஏற்றவும்.’